வெப்பநிலை முள் நடுவுக்கு வந்துவிட்டது, இனி மிதிக்கலாமா?

[காட்சி: மீட்டர் போர்டு. வெப்பநிலை முள் அடியில் கிடக்கிறது.]

காரை இப்போதுதான் ஸ்டார்ட் செய்திருக்கிறோம். ஐந்தாறு நிமிடம் ஓட்டினால் இந்த முள் மெல்ல ஏறி நடுவில் வந்து நிற்கும். சரி, இன்ஜின் சூடாகிவிட்டது, இனி நன்றாக மிதிக்கலாம் என்று நம்மில் பலர் முடிவு செய்வது அப்போதுதான். ஆனால் அந்த முள் காட்டுவது கூலன்ட்டின், அதாவது இன்ஜினுக்குள் ஓடி அதைக் குளிர்விக்கும் திரவத்தின் சூட்டை. இன்ஜினைத் தேய்மானத்திலிருந்து காப்பது ஆயில். முள் நடுவுக்கு வரும்போது ஆயில் இன்னும் சூடேறிக்கொண்டுதான் இருக்கும். கூலன்ட் தயாராக எடுத்துக்கொள்ளும் நேரத்தைப் போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு ஆயிலுக்குத் தேவைப்படும்.

அந்த முள்ளை இன்னொரு காரணத்துக்காகவும் முழுதாக நம்ப முடியாது. கூலன்ட் 75 டிகிரியில் இருந்தாலும் 100 டிகிரியில் இருந்தாலும் முள் அதே நடு இடத்தில் அசையாமல் நிற்கும்படி பல கார்களில் அமைத்திருக்கிறார்கள். ஓட்டுபவர் வீணாகப் பதறக் கூடாது என்பதற்காக அப்படி. சில கார்களில் முள்ளே இல்லை, நீல நிற விளக்கு மட்டும் எரிந்து அணையும். அது அணைந்தால் குளிர் நிலை தாண்டிவிட்டது என்று மட்டும்தான் அர்த்தம்.

[காட்சி: இரண்டு கண்ணாடிக் குவளைகள். ஒன்றில் குளிர்ந்த ஆயில், மற்றதில் சூடான ஆயில். இரண்டையும் ஒரே நேரத்தில் சாய்க்கிறோம்.]

ஆயில் குளிர்ந்திருந்தால் என்ன ஆகும்? 5டபிள்யூ-30 என்று டப்பாவில் பார்த்திருப்பீர்கள். அந்த ஆயிலின் பாகுத்தன்மை, அதாவது கெட்டித்தன்மை, 100 டிகிரி செல்சியஸில் சுமார் 10 சென்டிஸ்டோக்ஸ். இந்த எண் கூடக் கூட ஆயில் கெட்டி என்று அர்த்தம். 40 டிகிரியில் அது 60-ஐ ஒட்டி இருக்கும். 20 டிகிரியில் 100-ஐத் தாண்டிவிடும். அதாவது நமக்கு வெயிலாகத் தெரியும் நாளும் இன்ஜினுக்குக் குளிர்தான். ‘எங்கள் ஊரில் பனியே கிடையாது, வார்ம் அப் எதற்கு?’ என்று கேட்பவர்கள் இந்த எண்களைக் கவனிக்க வேண்டும்.

இங்கே ஒரு விஷயத்தை நிதானமாகப் பார்ப்போம். ஆயில் பிரஷர் மீட்டர் உள்ள காரில், குளிர்ந்த நேரத்தில் பிரஷர் மிக அதிகமாகக் காட்டும். ஆயில் நிறையப் போகிறது என்று நினைத்துவிடக் கூடாது. கெட்டியான ஆயில் குறுகிய வழிகளில் நுழைய முடியாமல் முட்டிக்கொண்டு நிற்பதால்தான் அந்த பிரஷர். இன்ஜினுக்குள் சுழலும் முக்கியத் தண்டான கிராங்க் ஷாஃப்ட்டுக்கும், அதைத் தாங்கும் பேரிங்குக்கும் நடுவே உள்ள இடைவெளி பெரும்பாலும் 0.02 முதல் 0.06 மில்லிமீட்டர் வரைதான். பிரஷர் எல்லை மீறினால் பம்பின் ரிலீஃப் வால்வு திறந்து, உபரி ஆயிலைத் திருப்பிவிடும். அப்போது ஆக்சிலரேட்டரை ரேஸ் செய்தால் பம்ப் வேகமாகச் சுற்றும், ஆனால் கூடுதலாகத் தள்ளிய ஆயிலில் பெரும்பங்கு பேரிங்கை எட்டாமல் திரும்பிவிடும். ஃபில்டரில் ஒரு பைபாஸ் வால்வும் இருக்கிறது. ஆயில் ஃபில்டர் தாளை ஊடுருவ முடியாத அளவுக்குக் கெட்டியாக இருந்தால் அந்த வால்வு திறக்கும், ஒரு பகுதி ஆயில் வடிகட்டப்படாமலே உள்ளே போகும். ஆக, சுமை ஏறும் நேரத்தில் பேரிங்குக்குக் கிடைக்கும் ஆயில் குறைவு, அதிலும் கொஞ்சம் வடிகட்டாதது. தேய்மானத்தைத் தடுக்க ஆயிலில் கலக்கும் துத்தநாகச் சேர்மமும் சூட்டில்தான் உலோகத்தின் மேல் வேகமாகப் பாதுகாப்புப் படலம் கட்டும்.

[காட்சி: சிலிண்டருக்குள் பிஸ்டன், குறுக்குவெட்டுப் படம்.]

அடுத்தது உலோகம். பிஸ்டன் அலுமினியக் கலவை. சிலிண்டர் சுவர் பல இன்ஜின்களில் வார்ப்பிரும்பு. அதே சூட்டுக்கு அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். 80 மில்லிமீட்டர் விட்டமுள்ள பிஸ்டன் 100 டிகிரி சூடேறினால் சுமார் 0.16 மில்லிமீட்டர் பெருக்கும். அதே அளவு சூடேறும் இரும்புச் சிலிண்டர் 0.09 அளவுக்குத்தான் பெருக்கும். பிஸ்டனின் அடிப்பகுதிக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளியோ பல இன்ஜின்களில் 0.03, 0.05 என்ற கணக்கில்தான். இது ஒத்துவருவதற்காகத்தான் பிஸ்டனைத் தலைப்பக்கம் சற்றுச் சிறுத்தும், குறுக்கே லேசான நீள்வட்டமாகவும் கடைகிறார்கள். சூடான பிறகுதான் அது சரியான வடிவத்துக்கு வரும்.

குளிர்ந்த இன்ஜினை முழுதாக மிதித்தால் நெருப்பு நேராகப் படும் பிஸ்டன் நொடிகளில் சூடேறும். அதைச் சுற்றியுள்ள கனமான பிளாக், அதாவது சிலிண்டர்கள் அமைந்த இன்ஜின் உடல், அவ்வளவு சீக்கிரம் சூடேறாது. பிஸ்டன் விரிந்துவிட்டது, சிலிண்டர் விரியவில்லை. இடைவெளி இறுகி, பிஸ்டனின் பக்கவாட்டில் நீள நீளமான கீறல்கள் விழுகின்றன. ஒரு நாளில் இன்ஜின் சீஸ் ஆகி, அதாவது இறுகிப்போய், நின்றுவிடாது. கொஞ்சம் கொஞ்சமாகக் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் உருவாகும் அழுத்தம், குறையும், ஆயில் குடிக்க ஆரம்பிக்கும். பிறகு காரணம் தேடும்போது தினமும் காலையில் மிதித்தது யாருக்கும் ஞாபகம் வராது.

[காட்சி: நிறுத்திய கார், இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கிறது.]

அப்படியானால் பத்து நிமிடம் ஸ்டார்ட் செய்து சும்மா விட்டுவிடலாமா? வேண்டாம். ஐட்லிங்கில் இன்ஜின் எரிப்பது மிகக் குறைந்த பெட்ரோல், அதனால் வரும் சூடும் குறைவு. குளிர்ந்த நிலை நீண்டுகொண்டே போகும். குளிர்ந்த சுவரில் பெட்ரோல் சரியாக ஆவியாகாது என்பதால் கம்ப்யூட்டர் கூடுதலாகத் தெளிக்கும். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் உள்ள ஆயில் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி ஆயிலில் கலக்கும். பெட்ரோலைக் காற்றோடு கலக்கக் கார்புரேட்டர் இருந்த காலத்தில், பெட்ரோல் பங்கைக் கூட்டும் சோக்கை இழுத்துக் காத்திருந்தது அன்றைய தேவை, சூடேறாவிட்டால் வண்டி நின்றுவிடும். கம்ப்யூட்டர் அளந்து பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்ஷன் வந்தபின் அந்தக் காரணம் இல்லை.

ஸ்டார்ட் செய்யுங்கள். சீட் பெல்ட், கண்ணாடி எல்லாம் சரிபார்ப்பதற்குள் அரை நிமிடம் போய்விடும், தொடக்கத்தில் ஏறியிருந்த ஆர்பிஎம்மும் (இன்ஜின் நிமிடத்துக்குச் சுற்றும் சுற்றுகள்) இறங்கத் தொடங்கியிருக்கும். கிளம்பிவிடலாம். உறைபனிக் குளிரானால் இன்னும் ஓரிரு நிமிடம். பிறகு ஆக்சிலரேட்டரைப் பாதிக்கு மேல் அழுத்தாமல், 2000 முதல் 3000 ஆர்பிஎம்முக்குள் ஓட்டுங்கள். மென்மையாக ஓட்டுகிறேன் என்று டாப் கியரில் 1200 ஆர்பிஎம்மில் இன்ஜினைத் திணறவிடுவதும் தவறுதான், அந்த அழுத்தம் முழுக்கப் பேரிங் மேல் இறங்கும். ஆட்டோமேட்டிக் காரில் ஸ்போர்ட் மோடைக் கொஞ்ச நேரம் தொடாதீர்கள்.

எவ்வளவு நேரம்? முள் நடுவுக்கு வர எவ்வளவு நேரம் ஆனதோ, அதற்குமேல் இன்னும் அவ்வளவு நேரம். ஆயில் வெப்பநிலை காட்டும் காராக இருந்தால் சந்தேகமே வேண்டாம், 80 டிகிரி தாண்டும்வரை பொறுங்கள். மீட்டரில் இல்லாவிட்டாலும், ஓபிடி எனப்படும், காரின் கம்ப்யூட்டர் தகவலைப் படிக்கும் சாக்கெட்டில் செருகும் சிறிய ஸ்கேனர் சில கார்களில் இதைச் செல்போனில் காட்டிவிடும். டீசல் இன்ஜின் வெப்பத்தை வீணாக்குவது குறைவு என்பதால் சூடேற இன்னும் நேரமெடுக்கும்.

கார் செய்பவர்களுக்கும் இந்த அக்கறை உண்டு. பிஎம்டபிள்யூவின் சில எம் ரகக் கார்களில் ஆர்பிஎம் மீட்டரின் மேல்பகுதியில் விளக்குகள் எரியும். ஆயில் சூடேறச் சூடேற அவை ஒவ்வொன்றாக அணைந்து, எவ்வளவு ஆர்பிஎம் வரை போகலாம் என்று காட்டும். ஃபார்முலா 1 இன்ஜின்களின் இடைவெளிகள் இன்னும் நுணுக்கமானவை. ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே வெளியிலிருந்து சூடான திரவத்தைச் செலுத்தி அவற்றைச் சூடேற்றுகிறார்கள்.

[காட்சி: கியர் லீவர்.]

கியர்பாக்ஸையும் மறக்க வேண்டாம். அதற்குள் நெருப்பு இல்லை, ஓடி ஓடித்தான் சூடேற வேண்டும். காலையில் இரண்டாவது கியர் கொஞ்சம் முரண்டு பிடித்தால் காரணம் இதுதான். திணிக்காமல் மெதுவாகப் போடுங்கள். டயரும் அப்படித்தான், குளிர்ந்த டயரின் பிடிமானம் குறைவு.

[காட்சி: டர்போ. பின்னால் எக்சாஸ்ட் குழாய் சிவந்து ஒளிர்கிறது.]

டர்போ, அதாவது எக்சாஸ்ட் புகையால் சுழன்று இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் கருவி, உள்ள கார் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. டர்போவின் தண்டு நிமிடத்துக்கு இரண்டு லட்சம் சுற்றுகளை எட்டக்கூடும், அது மிதப்பது ஆயில் படலத்தின் மேல். விரட்டி ஓட்டிய கையோடு இன்ஜினை அணைத்தால் பம்ப் நின்றுவிடும், பேரிங்கில் தேங்கிய ஆயில் கொதித்துக் கரியாகிவிடும். அதனால் கடைசி இரண்டு மூன்று கிலோமீட்டரை நிதானமாக ஓட்டி முடியுங்கள். அதற்கு வழியில்லையென்றால், நிறுத்தியபின் ஒரு நிமிடம் ஐட்லிங்கில் விடுங்கள். புதிய கார்கள் பலவற்றில், இன்ஜினை அணைத்தபிறகும் ஃபேனோ சிறிய மின் பம்போ சில நிமிடம் ஓடும் சத்தம் கேட்கும். ஏதோ கோளாறு என்று பேட்டரியைக் கழற்றிவிடாதீர்கள், கூலன்ட்டைச் சுற்றவிட்டு டர்போவைக் குளிரவைக்கிறது, தானே நின்றுவிடும்.