பேட்டரிக்கு வயதானால் போனுக்கா கருமாதி?

நடுவர் ஐயா அவர்களே, எதிர்வரிசையில் அமர்ந்திருக்கும் அண்ணன்மார்களே, தங்கையே, வேலை விட்டு வந்து குளித்து முடித்துக் காற்றாடிக்கு நேராக இடம் பிடித்திருக்கும் சுங்கை சிப்புட் பெருமக்களே, எல்லாருக்கும் வணக்கம்.

கைப்பேசி பழுதானால் சரிசெய்து பயன்படுத்துவதா, புதிது வாங்குவதா என்பது இன்றைய வழக்கு. சரிசெய்வதே என்று வாதாட வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் எதிரணி நான்கு குண்டு போட்டது. பழுது பார்க்கும் காசோடு கொஞ்சம் சேர்த்தால் புதுசே வந்துவிடும் என்றார் மூத்த அண்ணன். பழைய போனில் பாங்கு செயலி நின்று போகும் என்றார் அடுத்த அண்ணன். கடைக்காரன் மட்டப் பாகத்தைப் போட்டு ஏமாற்றிவிடுவான் என்றும் சொன்னார். தங்கை பத்திரிகையை நீட்டி, பேட்டரி அறிவியலே மாறிவிட்டது, இன்னும் பழசைக் கட்டிக்கொண்டு அழுகிறீர்களே என்றார். நடுவர் ஐயாவும் தலையாட்டினார். ஐயா தலையாட்டியபோது, ஐயாவின் ஐபோன் பவர்பேங்கோடு தொப்புள்கொடி அறுக்காத பிள்ளை மாதிரி மேசையில் படுத்துக் கிடந்ததை இந்த மண்டபமே பார்த்தது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய கைகள் இங்கே நிறைய உண்டு. கத்தி மழுங்கினால் பட்டை சீராக இறங்காது, பிய்யும். அழுத்தி வெட்டினால் மரத்தில் காயம் பட்டு, புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக எழும்பும். அதனால் என்ன செய்தோம்? கல்லில் தீட்டினோம். கத்தி மழுங்கிவிட்டது, புதுக் கத்தி கொடுங்கள் என்று மாசத்துக்கு ஒருதரம் ஆபீஸ் வாசலில் போய் நின்றால் கிராணி என்ன சொல்லியிருப்பார் என்று இந்த மேடையில் சொல்ல முடியாது.

போனிலும் தேய்வதற்கென்றே வைத்த பாகம் ஒன்று இருக்கிறது. பேட்டரி. ஒவ்வொரு முறை சார்ஜ் ஏறும்போதும் லித்தியம் ஒரு பக்கத்திலிருந்து கிளம்பி மறுபக்கத்தில் கிராஃபைட் என்ற கரிக்குள் போய் உட்காரும். போகிற வழியில் கிராஃபைட்டின் மேல் மெல்லிய படலம் ஒன்று கட்டும். அந்தப் படலம் வளர வளர, வேலை செய்ய வேண்டிய லித்தியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். ஆப்பிள் நிறுவனமே கணக்குச் சொல்லியிருக்கிறது: ஐபோன் 14 வரையில் 500 முழுச் சுற்றுக்குப் பிறகு 80 விழுக்காடு கொள்ளளவு, ஐபோன் 15 முதல் 1000 சுற்று. முழுச் சுற்று என்றால் நூறு விழுக்காடு செலவு. இன்று பாதி, நாளை பாதி செலவழித்தால் இரண்டு நாளுக்கு ஒரு சுற்று. தினம் ஒன்று வீதம் காலி செய்கிறவருக்கு 500 சுற்று ஒன்றரை வருஷத்துக்குள் முடிந்துவிடும். விற்கும்போதே ஆயுளைச் சொல்லி விற்ற பாகத்துக்கு ஆயுள் முடிந்ததும் முழு உடம்பையும் குழியில் தள்ளச் சொல்கிறது எதிரணி.

நம் ஊரில் அது இன்னும் சீக்கிரம் தேயும். மோட்டார் கைப்பிடியில் மாட்டி நடுப்பகல் வெயிலில் வழி பார்க்கிறோம். தலையணைக்கு அடியில் வைத்துச் சார்ஜ் போட்டுத் தூங்குகிறோம். செம்பனைக் காட்டுக்குள் சிக்னல் ஒரு கோடுதான். கோபுரத்தை எட்டுவதற்காக போன் தன் சக்தியைக் கூட்டிக் கூட்டிக் கத்தும், சும்மா பையில் கிடக்கும்போதே சூடாகும். சூடுதான் லித்தியம் பேட்டரிக்கு எமன். உள்ளே வேலை பார்க்கிறவர்கள் சிக்னலே இல்லாத இடத்தில் ஏரோபிளேன் மோடில் போட்டு வைத்தால், சாயங்காலம் வீட்டுக்குப் பேச மிச்சம் இருக்கும்.

இப்போது கவனியுங்கள். திரையில் 30 விழுக்காடு காட்டுகிறது, கேமராவைத் திறந்ததும் போன் செத்துவிடுகிறது. உடனே நம் ஆள், "போர்டு போயிடுச்சி லா, புதுசு பார்த்துக்கலாம்" என்பார். போர்டு என்கிற உள்ளே இருக்கும் மின்சுற்றுப் பலகைக்கு ஒன்றும் ஆகியிருக்காது. பேட்டரி கிழடானால், மின்சார ஓட்டத்தைத் தடுக்கும் உள்தடை ஏறும். கேமராவும் பிளாஷும் ஒரே நேரத்தில் மின்சாரம் இழுத்தால் வோல்ட் பொத்தென்று விழும். போர்டு தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துகொள்ளும். பழைய குழாயில் கீழே தண்ணீர் திறந்தால் மேல்மாடியில் சொட்டுவது போலத்தான்.

இதில் உலகறிந்த வழக்கு ஒன்று உண்டு. ஐபோன் 6, 6எஸ், 7 வைத்திருந்தவர்கள் போன் மெதுவாகிவிட்டது என்று புலம்பினார்கள். திடீரென்று அணையாமல் இருக்க, தேய்ந்த பேட்டரி உள்ள போன்களின் வேகத்தை மென்பொருள் வழியாகக் குறைத்தோம் என்று ஆப்பிள் 2017 டிசம்பரில் ஒப்புக்கொண்டது. பேட்டரி மாற்றும் கட்டணத்தை 79 டாலரிலிருந்து 29 டாலராக இறக்கியது. மாற்றியவர்களுக்கு அதே போன் பழைய வேகத்தில் ஓடியது. 2020இல் அமெரிக்காவில் 50 கோடி டாலர் வரை தருவதாகச் சமரசம், பிரான்சில் இரண்டரைக் கோடி யூரோ அபராதம். "போன் ஸ்லோ ஆகிவிட்டது" என்று சொல்லிப் புதிது வாங்கினார்களே, அவர்களில் எத்தனை பேர் ஒரு பேட்டரியோடு முடிக்க வேண்டிய கதைக்கு முழுப் போன் வாங்கினார்கள்? எதிரணி யோசிக்கட்டும்.

சரி, மூத்த அண்ணனின் கணக்குக்கு வருவோம். போன் 1,500 வெள்ளி, அதாவது ரிங்கிட். மூன்று வருஷத்தில் தூக்கிப் போட்டால் வருஷத்துக்கு 500 வெள்ளி. அதற்கு 120 வெள்ளியில் பேட்டரி மாற்றி இன்னும் இரண்டு வருஷம் ஓட்டினால் மொத்தம் 1,620, ஐந்தால் வகுத்தால் வருஷத்துக்கு 324. "கொஞ்சம் சேர்த்தால் புதுசு" என்றாரே, அந்தக் கொஞ்சத்தை 24 மாதத் தவணையில் கட்டும்போது அது கொஞ்சமாகத் தெரிவதில்லை.

கடைக்காரன் ஏமாற்றுவான் என்ற குற்றச்சாட்டு முழுப் பொய்யில்லை. ஏமாறாமல் இருக்க என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போங்கள். போனைக் கொடுக்கும்போது சார்ஜ் 25 விழுக்காட்டுக்குக் கீழே இருக்கட்டும். தப்பித் தவறிக் குத்துப்பட்டாலும் நிறைந்த பேட்டரி அளவுக்கு எரியாது. பின்கண்ணாடியைச் சூடுபடுத்தி, பசையை இளக்கி, மெல்லிய பிளாஸ்டிக் தகடு விட்டுத்தான் பிரிக்க வேண்டும். அவசரக்காரன் வெடுக்கென்று இழுத்தால் உள்ளே ஒட்டியிருக்கும் ரிப்பன் கம்பி கிழியும். பேட்டரி மாற்றப் போய் கைரேகை உணரி போய்விட்டது என்று திரும்பி வருவோம். திறந்ததும் முதல் வேலை பேட்டரி இணைப்பைக் கழற்றுவது. அதைக் கழற்றாமல் வேறு எதையாவது தொடுகிறவரிடமிருந்து போனை வாங்கிக்கொண்டு நடையைக் கட்டுங்கள். திருகுகளைக் கழற்றிய வரிசைப்படி காந்தப் பாயில் வைக்கிறாரா என்று பாருங்கள். ஐபோனில் பக்கத்துப் பக்கத்துத் திருகுகள் ஒரே நீளம் இல்லை. அரை மில்லிமீட்டர் நீளமானதை மாற்றி முடுக்கினால் அது போர்டுக்குள் இறங்கி உள்கம்பியை அறுத்துவிடும். அது நல்ல போனைக் கொல்லும் பழுது. பழைய பேட்டரியைக் கையில் கேட்டு வாங்கிப் பாருங்கள். உப்பியிருந்தால் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம், மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் போடச் சொல்லுங்கள். ஒருமுறை திறந்த போன், புதுப் பசை ஒழுங்காகப் போடாவிட்டால் தண்ணீர் தாங்காது. அதையும் கேட்டுவிடுங்கள்.

திரையில்தான் அதிகம் ஏமாற்றம். தானே ஒளிரும் ஓலெட் திரை உள்ள போனுக்கு, பின்விளக்கு வேண்டிய மலிவு எல்சிடி திரையைப் போட்டுக் கொடுப்பார்கள். பார்க்க ஒன்று போலவே இருக்கும். ஆனால் தடிப்பு கூடும், பேட்டரி வேகமாக இறங்கும், திரைக்கு அடியில் இருக்கும் கைரேகை உணரி வேலை செய்யாது, ஏனென்றால் எல்சிடியின் பின்விளக்குத் தகட்டைத் தாண்டி அதற்குப் பார்க்க முடியாது. "ஒரிஜினலா?" என்று கேட்டால் எல்லாரும் ஆமாம் என்பார்கள். "ஓலெட்டா எல்சிடியா, ரசீதில் எழுதுங்கள்" என்று கேளுங்கள். முகம் மாறுவதைப் பார்க்கலாம்.

அந்த ரசீது சும்மா இல்லை. நம் மலேசியாவின் 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், பழுது பார்க்கும் வசதியும் உதிரிப் பாகமும் நியாயமான அளவில் கிடைக்கச் செய்யும் பொறுப்பைத் தயாரிப்பாளர் தலையில் வைக்கிறது, 37ஆம் பிரிவு. தகராறு என்றால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போக ஐந்து வெள்ளிக் கட்டணம், வக்கீல் தேவையில்லை.

இப்போது ஒரு வெள்ளிகூடச் செலவில்லாத பழுது. சார்ஜ் ஏறவில்லை, கம்பியைச் சாய்த்துப் பிடித்தால்தான் ஏறுகிறது. பாதிப் பேர் துளையே உடைந்துவிட்டது என்று முடிவு கட்டுவார்கள். போனை அணையுங்கள். டார்ச் அடித்துத் துளைக்குள் பாருங்கள். அடியில் சாம்பல் நிறத்தில் தரை போட்டது மாதிரி ஒன்று தெரிந்தால், அது சட்டைப்பை நூலும் தூசியும்தான். ஒவ்வொரு முறை கம்பி செருகும்போதும் நாமே இடித்து இடித்துக் கெட்டியாக்கி வைத்திருக்கிறோம். பல்குத்தும் மரக்குச்சியின் நுனியை மெல்லிசாகச் சீவி, சுவரோரமாக விட்டு மெதுவாகக் கிளறினால் விளக்குத் திரி போலச் சுருண்டு வெளியே வரும். டைப்-சி துளையில் நடுவில் நாக்கு ஒன்று இருக்கிறது, மேலே 12 கீழே 12 என்று தங்க முனைகள். அதன் மேல் கை வைக்காதீர்கள். ஊசி, சேலைப் பின் எதுவும் கூடாது, முனைகள் ஒட்டிக்கொண்டால் அப்புறம் நிஜமாகவே கடைக்குப் போக வேண்டும். சுத்தம் செய்த பிறகு கம்பி "டக்" என்று முழுசாக உட்காரும்.

தண்ணீரில் விழுந்தால் அரிசிப் பானையில் போடாதீர்கள். ஆப்பிளே தன் உதவிப் பக்கத்தில் அரிசி வேண்டாம், துகள் உள்ளே போகும் என்று எழுதி வைத்திருக்கிறது. ஈரம் தனியாகக் கெடுப்பதைவிட, ஈரமும் மின்சாரமும் சேர்ந்து கெடுப்பதுதான் அதிகம். செம்புப் பாதை பச்சை பூத்து அரித்துப் போகும். அணைத்துவிட்டு, சார்ஜில் போடாமல், அன்றைக்கே கடையில் கொடுத்துத் திறந்து ஆல்கஹாலில் கழுவச் சொல்லுங்கள். சோறுதான் ஆக்க வேண்டும் என்றால் அந்த அரிசி அதற்கு இருக்கட்டும்.

தங்கை நீட்டிய செய்திக்கு வருகிறேன். கிராஃபைட் இருந்த இடத்தில் சிலிக்கான் கலந்து செய்யும் சிலிக்கான்-கார்பன் பேட்டரி உண்மைதான், மறுக்கவில்லை. ஒரு கிராம் கிராஃபைட் 372 மில்லி ஆம்பியர் மணி பிடித்து வைக்கும் என்றால், சிலிக்கான் 3,500க்கும் மேல் பிடிக்கும். ஆனால் லித்தியம் உள்ளே வந்ததும் சிலிக்கான் மூன்று மடங்குக்கும் மேல் உப்பி, திரும்பச் சுருங்கி, உப்பிச் சுருங்கியே தூளாகும். அதனால்தான் கார்பனோடு அளவாகக் கலந்து போடுகிறார்கள். அதுவும் தேயும், அதையும் ஒருநாள் மாற்றத்தான் வேண்டும். "ஐந்து நிமிடத்தில் முழுச் சார்ஜ்" என்ற தலைப்பைப் பார்த்தால் அடியில் படியுங்கள், பாதிச் செய்திகளில் சோதித்தது இருபது சென் காசு அளவு செல்லாக இருக்கும். அது நம் சட்டைப் பைக்கு வர எத்தனை வருஷம் ஆகும் என்று செய்தியில் போட மாட்டார்கள்.

பாங்கு செயலி விஷயத்தில் அண்ணனுக்குப் பாதி வெற்றி தருகிறேன். பாதுகாப்புப் புதுப்பிப்பு நின்று நாளான போனுக்குப் பேட்டரி மாற்றுவது வீண் செலவு, அதில் பாங்குக் கணக்கைத் திறக்கவே கூடாது. போர்டு முழுக்க அரித்துப் போனதும் அப்படித்தான். அந்த இரண்டையும் எதிரணிக்கே தாரை வார்க்கிறேன். ஆனால் காலம் எந்தப் பக்கம் நகர்கிறது? கூகுள் பிக்சல் 8க்கும் சாம்சங் எஸ்24க்கும் ஏழு வருஷப் புதுப்பிப்பு. 2013இல் வந்த ஐபோன் 5எஸ்-க்கு 2023 ஜனவரியில்கூட ஒரு பாதுகாப்புத் திருத்தம் வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூன் 20 முதல், பேட்டரி 800 சுற்றுக்குப் பிறகும் 80 விழுக்காடு தாங்க வேண்டும், விற்பனை நின்ற பிறகும் ஏழு வருஷம் பாகம் கிடைக்க வேண்டும் என்று விதித்திருக்கிறது. ஏழு வருஷம் மூளை ஓடும் என்று கம்பெனியே உறுதி தருகிறான். இரண்டு வருஷத்தில் வயிறு பசிக்கிறது என்பதற்காக நாம் கருமாதிக்கு நாள் குறிக்கிறோம்.

மணி அடித்துவிட்டீர்கள் ஐயா, தெரிகிறது. தீர்ப்பு எழுதும் முன் ஒரே ஒரு வேலை. உங்கள் ஐபோனில் செட்டிங்ஸுக்குள் போங்கள், பேட்டரியைத் தொடுங்கள், அதற்குள் பேட்டரி ஹெல்த் என்று இருக்கும், ஓர் எண் தெரியும். 80க்குக் கீழே இருந்தால் அந்த எண்ணை மட்டும் மைக்கில் படித்துவிடுங்கள். மேலே இருந்தால் துளையில் டார்ச் அடித்துப் பாருங்கள். பல்குத்தும் குச்சி பின்னால் சாப்பாட்டு மேசையில் இருக்கிறது.

வணக்கம்.