இருபது நிமிடம் கேட்டு வாங்குங்கள்

வணக்கம். "மென்டல் ஹெல்த் பிளான் என்கிறார்கள், சனத்துக்கு அது என்னவென்றே விளங்கவில்லை, வந்து கொஞ்சம் சொல்லுங்கோ" என்று வானொலி நிலையத்தார் கேட்டார்கள். மனம் சரியில்லாதபோது ஜீபி, அதாவது குடும்ப வைத்தியர், போட்டுத் தரும் சிகிச்சைத் திட்டம்தான் அது. அதை வைத்து உளவியலாளரைப் பார்த்தால் செலவில் ஒரு பகுதியை மெடிக்கெயார் என்ற அரசாங்க மருத்துவக் காப்புத் திட்டம் திருப்பித் தரும். நான் வைத்தியரும் இல்லை, உளவியலாளரும் இல்லை. சிட்னியின் மேற்குப் பக்கத்து ஆஸ்பத்திரிகளிலும் கிளினிக்குகளிலும் தமிழ் மொழிபெயர்ப்பாளராக வேலை செய்கிறவள். வேலையில் காதில் விழுந்த எதையும் வெளியே சொல்ல எனக்கு அனுமதி இல்லை. ஆகவே இன்று என் சொந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

2021இல் அம்மா யாழ்ப்பாணத்தில் காலமானார். அவுஸ்திரேலியா எல்லையை மூடி வைத்திருந்த காலம். வெளியே போவதற்கே அரசாங்கத்திடம் அனுமதி எடுக்க வேண்டும், போனால் திரும்பி வர டிக்கெட் கிடைப்பது குதிரைக்கொம்பு. செத்தவீட்டை ஃபோனில்தான் பார்த்தேன். யாரோ ஒரு பெடியன் ஃபோனைப் பிடித்துக்கொண்டு நின்றான். பாதி நேரம் பந்தல் தகரம்தான் தெரிந்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் விடிய மூன்று மணிக்கு விழிப்பு. நெஞ்சில் அம்மிக்கல்லை வைத்தது போல ஒரு பாரம். ஈசிஜி எடுத்தேன், இரத்தம் கொடுத்தேன், எல்லாம் நல்லாய் இருக்கிறது என்றார்கள். மற்றவர்களுக்கு மனநலக் கேள்விகளை வருடக்கணக்காகத் தமிழில் சொல்லிக் கொடுத்தவள் நான். எனக்கென்று வந்தபோது "எனக்கென்ன விசரா?" என்றுதான் என் வாயிலும் வந்தது.

கடைசியில் ஜீபியிடம் போனேன். சாதாரண அப்பொயின்ட்மென்ட். கதவைத் திறக்கும்போதே வெளியில் நாலு பேர் காத்திருந்தார்கள். நான் அழத் தொடங்கி முடிப்பதற்குள் நேரம் முடிந்துவிட்டது. "இதற்கு நீண்ட அப்பொயின்ட்மென்ட் எடுத்து வர வேண்டும்" என்றார் டொக்டர். ரிசெப்ஷனில் இருந்தவர் அதை முதலே கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. திரும்பவும் இரண்டு கிழமை. அந்த இரண்டு கிழமையில் வேண்டாம் என்று விட்டுவிடத்தான் பார்த்தேன். வீட்டில் விடவில்லை.

இந்தப் பிளான் போடுவதற்கு ஜீபி உங்களோடு குறைந்தது 20 நிமிடம் இருக்க வேண்டும் என்பது மெடிக்கெயார் விதி. ஆகவே ஃபோன் எடுக்கும்போதே "லோங் அப்பொயின்ட்மென்ட், மென்டல் ஹெல்த் பிளானுக்கு" என்று சொல்லுங்கள். ஏன் எதற்கு என்று ரிசெப்ஷனுக்கு விளக்கத் தேவையில்லை. இன்னொன்று, 2025 நவம்பர் 1ஆம் திகதியிலிருந்து விதி கொஞ்சம் மாறியிருக்கிறது. நீங்கள் வழக்கமாகப் பார்க்கும் வைத்தியரோ, மைமெடிக்கெயார் என்ற பதிவுத் திட்டத்தில் உங்கள் வழக்கமான கிளினிக் என்று நீங்கள் பதிந்திருக்கும் கிளினிக்கோதான் இதைப் போட வேண்டும். போகிற வழியில் கண்ட கிளினிக்கில் ஏறி வாங்க முடியாது.

உள்ளே போனதும் பெரும்பாலும் ஒரு தாள் தருவார்கள். கே-டென் என்பது அதன் பெயர், மன உளைச்சலை அளக்கும் தாள். பத்துக் கேள்வி. கடந்த நாலு கிழமையில் காரணமில்லாமல் களைத்துப் போனீர்களா, பதற்றமாக இருந்தீர்களா, எதைச் செய்வதும் பெரும்பாடாக இருந்ததா என்று போகும். ஒவ்வொன்றுக்கும் "ஒருபோதும் இல்லை" என்பதிலிருந்து "எந்நேரமும்" வரை ஐந்து விடைகள். கூட்டினால் 10க்கும் 50க்கும் இடையில் ஒரு எண் வரும், எண் கூடினால் உளைச்சலும் கூட. ஆங்கிலத்தில் நம்பிக்கை இழந்த நிலையைக் கேட்கும் கேள்வி ஒன்று அதில் இருக்கிறது. அதைத் தமிழில் நேராகக் கேட்டால் எங்கள் ஆட்களில் பாதிப்பேர் "நம்பிக்கைக்கு என்ன குறை, நல்லூரான் இருக்கிறான்" என்பார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. கேள்வி வேறெங்கோ கேட்கிறது, பதில் வேறெங்கோ இருந்து வருகிறது. "இனி என்ன இருக்கு என்று தோன்றியதா" என்று கேட்டால் சட்டென்று விளங்கும்.

நான் அந்தத் தாளில் எல்லாவற்றுக்கும் "சிலவேளை" என்று கோடு போட்டேன். பக்கத்தில் கணவர் இருந்தார். டொக்டர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு அவரைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொல்லிவிட்டு ஒரு புதுத் தாளை எடுத்து நீட்டினார். இரண்டாவது தாளின் எண் முதலாவதைவிட எவ்வளவோ கூட. ஆகவே துணைக்கு ஆள் போவது நல்லது, ஆனால் அந்தத் தாளை நிரப்பும்போது மட்டும் தனியாக இருங்கள். ஆங்கிலம் கஷ்டமென்றால் பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். டிஸ் என்ற அரசாங்க மொழிபெயர்ப்புச் சேவைக்கு ஜீபி ஃபோன் எடுத்தால் இலவசமாகத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் கிடைப்பார். சிட்னியில் இருக்கிற உங்களுக்குப் பேர்த்தில் இருந்து ஒருவர் கதைக்கக்கூடும். பெண்தான் வேண்டும் என்றும் கேட்கலாம், உங்கள் பெயரை அவருக்குச் சொல்லாமலும் விடலாம். வெளியில் கதைத்தால் எங்கள் வேலை போய்விடும், அது என் பிழைப்பு, நம்புங்கள்.

ஒரு விஷயத்தை மறைக்க விரும்பவில்லை. பிளான் போட வேண்டுமென்றால் வைத்தியர் ஒரு நோயின் பெயரை எழுதத்தான் வேண்டும். மனச்சோர்வு, பதகளிப்பு, துயரத்தோடு ஒத்துப்போக முடியாத நிலை என்று ஏதாவது ஒன்று. ஆயுள் காப்புறுதிக்கு விண்ணப்பித்தால் அதைப் பற்றிக் கேட்பார்கள், மறைக்கக் கூடாது. இதை யோசித்து நானும் இரண்டு நாள் தயங்கினேன். பிறகு, நித்திரை இல்லாமல் எம் ஃபோர் நெடுஞ்சாலையில் கார் ஓட்டுகிறவளுக்குக் காப்புறுதியைப் பற்றி என்ன கவலை என்று விட்டுவிட்டேன்.

சரி, காசுக்கு வருவோம். 2006இல் தொடங்கிய திட்டம் இது. ஒரு வருடத்தில், அதாவது ஜனவரி முதல் டிசம்பர் வரை, தனியாகப் பத்துத் தடவை உளவியலாளரைப் பார்க்க மெடிக்கெயார் உதவும். கொவிட் நேரத்தில் அது இருபதாக இருந்தது, 2022 முடிவோடு நிறுத்திவிட்டார்கள். பத்தையும் ஒரேயடியாகத் தரமாட்டார்கள். முதலில் ஆறு, பிறகு ஜீபியிடம் திரும்பிப் போய் மிச்ச நாலு. ஆனால் வருடா வருடம் புதுப் பிளான் தேவையில்லை.

"உதவும்" என்பதைத்தான் எங்கள் சனம் "இலவசம்" என்று கேட்டுவிடுகிறது. 50 நிமிடமாவது நீளும் ஒரு சந்திப்புக்கு, கிளினிக்கல் சைக்கோலஜிஸ்ட் (சிகிச்சை உளவியலில் கூடுதலாகப் படித்தவர்) என்றால் சுமார் 145 டொலர், சாதாரண உளவியலாளர் என்றால் சுமார் 99 டொலர் திரும்பி வரும். இது 2025 ஜூலைக் கணக்கு. அவர்களோ 250 டொலர்கூடக் கேட்பார்கள். மிச்சத்தை நீங்கள்தான் கட்ட வேண்டும், அதைத்தான் கேப் என்கிறார்கள். நான் முதலில் போன இடத்தில் கேட்காமல் போய் இருந்துவிட்டு, கார்டை நீட்டும்போதுதான் தொகையைப் பார்த்தேன். அன்று அழுததற்கு அம்மா காரணமில்லை! ஆகவே முதல் ஃபோனிலேயே "கேப் எவ்வளவு? பல்க் பில் செய்வீர்களா?" என்று கேளுங்கள். பல்க் பில் என்றால் உங்களிடம் காசு வாங்காமல் மெடிக்கெயார் தருவதோடு முடித்துக்கொள்வது. பென்ஷன் கார்ட் இருந்தால் குறைக்கிறவர்களும் உண்டு. கவுன்சிலர், அதாவது மன ஆலோசகர், என்று பலகை போட்டிருக்கும் எல்லோருக்கும் மெடிக்கெயார் காசு தராது. உளவியலாளர், பதிவுபெற்ற மனநல சமூகப் பணியாளர், தொழில்வழிச் சிகிச்சையாளர் ஆகியோருக்குத்தான். எத்தனையோ பேர் திறமையான கவுன்சிலரிடம் போய்விட்டு ஒரு சதமும் திரும்ப வராமல் முழிக்கிறார்கள்.

அப்போது வீடு நிறைய ஆட்கள். பிள்ளைகளுக்குப் பள்ளி சூமில், கணவருக்கு வேலை சூமில். ஆகவே கராஜுக்குள் காரில் இருந்துதான் நான் கதைத்தேன். மெல்பேர்னில் இருக்கும் தமிழ் உளவியலாளர் ஒருவர். வேண்டுமென்றே தூரத்து ஆளைத் தேடினேன். எங்கள் பக்கத்து வென்ட்வேர்த்வில் மரக்கறிக் கடையில் என்னைக் காணாத ஒருவர் எனக்கு வேண்டியிருந்தது. மூன்றாவது தடவை அவர் கேட்டார், "அந்தத் தகரத்தின் நிறம் ஞாபகம் இருக்கா?" இருந்தது. நீலம், ஒரு மூலையில் துரு. அதைச் சொல்லத் தொடங்கி, நேரம் முடியும் வரை நிறுத்தவில்லை.

பிள்ளைகளைப் பார்க்க விசிட்டர் விசாவில் வந்திருக்கும் அப்பா அம்மாமாருக்கு மெடிக்கெயார் கிடையாது, இந்தத் திட்டமும் கிடையாது. போரையும் சித்திரவதையையும் கண்டு அகதியாக வந்தவர்களுக்கு நியூ சவுத் வேல்சில் ஸ்டார்ட்ஸ், விக்டோரியாவில் ஃபவுண்டேஷன் ஹவுஸ் என்ற நிலையங்கள் இருக்கின்றன. அங்கே இலவசம். 12 முதல் 25 வயதுக்காரருக்கு ஹெட்ஸ்பேஸ் என்ற இளைஞர் மனநல நிலையங்கள்.

பேனை எடுத்துவிட்டீர்களா? மெடிக்கெயார் மென்டல் ஹெல்த் என்ற அரசாங்க மனநலச் சேவை, ஜீபியின் கடிதம் தேவையில்லை, காசும் இல்லை: 1800 595 212. மொழிபெயர்ப்புக்கு டிஸ்: 131 450. உயிரை மாய்க்கலாமா என்ற எண்ணம் வந்தால் இரவு பகல் பார்க்காமல் லைஃப்லைன்: 13 11 14. உடனடி ஆபத்தென்றால் 000. இன்னொரு தடவை சொல்கிறேன், எழுதுங்கள்: 1800 595 212.