மேய்க்கலாம், கேட்க முடியாது

நேயர்களுக்கு வணக்கம்.

மரம் இல்லை, ஏர் பூட்டிய தடமும் இல்லை. அப்படிப்பட்ட நிலத்துக்கு ஆங்கிலேயர் கால வருவாய்க் கணக்கில் இருந்த சொல் தரிசு. நீலகிரி மேல்மலைப் புல்வெளிகள் அந்தச் சொல்லுக்குள்தான் போய் விழுந்தன.

எருமை வளர்க்கும் நீலகிரிப் பழங்குடியான தோடர்களுக்கு அது எருமை மேயும் இடம் மட்டுமல்ல. கோயிலுக்குக் கூரை வேயும் புல்லே வேறு. மலைச் சரிவில் கிடைக்காது, பள்ளத்துச் சதுப்பில்தான் வளரும். தாவரவியலாளர் ரங்காச்சாரியின் பெயரைத் தாங்கிய அந்தப் புல், நீலகிரியிலேயே அருகிவிட்டது. சதுப்பு வற்றினால் புல் இல்லை, புல் இல்லாவிட்டால் கூரை மாற்ற முடியாது. கோடையில் மந்தையோடு குந்தா பக்கம் உள்ள வேறு மந்துக்கு, அதாவது தோடர் குடியிருப்புக்குப் போய், மழைக்குப் பின் திரும்பும் வழக்கமும் உண்டு. ஆகவே ஆள் இல்லாமல் பூட்டிக் கிடக்கும் மந்து, கைவிடப்பட்ட மந்து அல்ல. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் 1819இல் மலையேறினார். இந்த நிலம் தோடர்களுக்கே சொந்தம் என்று மேலிடத்தோடு வாதாடியவர் அவர். தனக்கும் தாராளமாக நிலம் வாங்கிக்கொண்டார் என்பது வேறு விஷயம். வாதம் எடுபடவில்லை. தோடர்களுக்கு இருப்பது மேய்ச்சல் உரிமை மட்டுமே, நில உடைமை அல்ல என்று லண்டனில் இருந்த கம்பெனி இயக்குநர்கள் 1843இல் முடிவு கட்டினார்கள். மேய்க்கலாம்; ஆனால் அந்த இடத்தில் யார் எதை நட்டாலும் ஏன் என்று கேட்க முடியாது.

நட்டார்கள். ஊட்டிக்கு விறகு வேண்டும் என்று ஆஸ்திரேலியாவிலிருந்து சீகையும் (வாட்டில் மரம்) கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) வந்தன. ஆனால் எல்லாப் பழியையும் வெள்ளைக்காரன் தலையில் கட்டிவிட முடியாது. பெரும் பரப்பில் நட்டது சுதந்திரத்துக்குப் பிறகுதான். தோல் பதனிட சீகைப் பட்டை, ரேயான் ஆலைக்கு மரக்கூழ் என்று ஐந்தாண்டுத் திட்டங்களின் பெயரால் புல்வெளிகள் தோட்டங்களாயின. ஆட்சி மாறியது, 'தரிசு' மட்டும் மாறவில்லை.

இன்னொரு தடையும் சேர்ந்தது. பனியில் கருகிய முற்றிய புல்லைக் கோடையில் கொளுத்தி, இளந்தளிர் வரவைப்பது தோடர் முறை. வனச் சட்டம் அதைக் குற்றமாக்கியது. இப்போது அதே இடத்தில் தீ வைத்தால் என்ன ஆகும்? சீகை விதையின் தோல் கெட்டி, மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். சூடு பட்டால் தோல் வெடித்து ஒரே மழையில் கும்பல் கும்பலாக முளைக்கும். பழைய முறையை அப்படியே மீட்டெடுக்க முடியாதபடி நிலமே மாறிவிட்டது.

சீகையை அகற்றுகிறவர்கள் செய்யும் தவறும் இங்கேதான். மரத்தை வெட்டி, கிளைகளைக் குவித்து எரிக்கிறார்கள். வெயில் பட்டதும் அடியில் கிடந்த விதையெல்லாம் எழுந்துவிடும். சரிவில் ஜேசிபி விட்டால் மண்ணும் போகும். நின்றபடியே பட்டையை அடிவரை உரித்து மரத்தைப் பட்டுப்போக விடுவது நல்லது. நாற்றுகளை மழையில் மண் இளகியிருக்கும்போது வேரோடு பிடுங்க வேண்டும். சில சீகை வகைகளில் வேர் அறுந்து நின்றால் அதிலிருந்தே மறுபடி கன்று கிளம்பும். கூடவே உள்ளூர்ப் புல்லைத் தூர் பிரித்து, ஓரடிக்குள் நெருக்கமாக நட வேண்டும். ஒரு வருடத்தில் முடியாது. ஒவ்வொரு மழைக்கும் அதே சரிவில் ஏறிப் பிடுங்க ஆள் வேண்டும். அங்கேயே மேய்க்கிறவரைத் தவிர வேறு யார் வருவார்?

ஆனால் அதற்கு அதிகாரம் வேண்டும். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் வழி திறக்கிறது. காட்டை நம்பி வாழும் மக்கள் படிவம் கொடுத்து உரிமை கோரலாம். வீடு, விவசாய நிலத்துக்கு ஏ படிவம். மேய்ச்சல், தண்ணீர், சிறு வனப் பொருள் போன்ற சமூக உரிமைக்கு பி படிவம். காட்டைக் காத்து, புதுப்பித்து, நிர்வகிக்கும் உரிமைக்கு சி படிவம். பலரும் பி படிவத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். அது 1843இல் லண்டன் கொடுத்ததையே மறுபடி வாங்குவது போல. சி படிவத்தையும் சேர்த்தே கொடுங்கள்.

முதலில் கிராம சபை கூடி 10 முதல் 15 பேர் கொண்ட வன உரிமைக் குழுவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மூன்றில் இரண்டு பங்கு பழங்குடியினர், குறைந்தது மூன்றில் ஒரு பங்கு பெண்கள். கோரிக்கையைத் தீர்மானிக்கும் கூட்டத்தில் உறுப்பினரில் பாதிப் பேராவது இருக்க வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். பல மந்துகளை ஒரே பெரிய ஊராட்சியோடு சேர்த்துக் கூட்டினால் இந்த எண்ணிக்கை எட்டாது, தீர்மானமும் நிற்காது.

வரைபடம் போடும்போது வீடு இருக்கும் இடத்தை மட்டும் குறிக்காதீர்கள். கோடை மந்து, எருமைத் தடம், நீர் குடிக்கும் ஓடை, கூரைப்புல் சதுப்பு, ஈமக் காடு எல்லாம் உள்ளே வர வேண்டும். விட்டுப்போன கோடை மந்து இன்னொருவர் கணக்கில் காலி இடம். பழைய கட்டுமானங்களின் எச்சம், புனித மரம், ஈமக் காடு இவை சட்ட விதிகளிலேயே சான்றாகச் சொல்லப்பட்டவை. கோரிக்கையாளர் அல்லாத பெரியவர்களின் வாக்குமூலத்தை எழுதி வாங்கினால் அதுவும் சான்று. ஒன்றுக்கு மேற்பட்ட சான்று வையுங்கள். செயற்கைக்கோள் படம் இருந்தால்தான் ஆச்சு என்று எந்த அதிகாரியும் வற்புறுத்த முடியாது.

கள ஆய்வுக்கு வரும் வனத்துறை, வருவாய்த்துறை அலுவலர்கள் பெயர், பதவி, தேதியோடு கையெழுத்திட வேண்டும். அங்கேயே வாங்கிவிடுங்கள். கோரிக்கை மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். மேல்முறையீட்டுக்கு 60 நாள். மறுப்பு வாய்மொழியாகவே நின்றுவிட்டால், அந்த 60 நாளை எந்தத் தேதியிலிருந்து எண்ணுவது என்பதே அடுத்த சண்டையாகிவிடும்.

வணக்கம்.