படம் முடிந்ததும் யார் பேசுவது?

எல்லோருக்கும் வணக்கம். அரசுப் பள்ளிகளில் சிறார் படங்களைத் திரையிடும் ஆசிரியர்கள் நிறையப் பேர் இங்கே வந்திருக்கிறீர்கள். 2022இல், 6 முதல் 9ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்காக இந்தத் திட்டம் வந்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி கொஞ்சநஞ்சமல்ல. தியேட்டர் வாசலையே பார்க்காத பிள்ளைகூட உலகப் படம் பார்க்கிறது. சரி, படம் முடிந்து விளக்கைப் போட்டதும் என்ன நடக்கிறது? அதைப் பற்றித்தான் பேச வந்தேன்.

இத்தாலியின் தெற்கே, சலேர்னோ பக்கத்தில் ஜிஃபோனி என்று ஒரு சின்ன ஊர். 1971இல் கிளாடியோ குபிடோசி என்ற உள்ளூர் இளைஞர் அங்கே சிறுவர் திரைப்பட விழாவைத் தொடங்கினார். போட்டிப் படங்களில் எதற்குப் பரிசு என்று முடிவு செய்வது பிள்ளைகள்தான். வயதுவாரியாகக் குழு குழுவாக உட்கார்ந்து பார்ப்பார்கள், விவாதிப்பார்கள், ஓட்டுப் போடுவார்கள். வெளிநாட்டுப் பிள்ளைகள் அந்த ஊர்க்காரர்கள் வீட்டிலேயே தங்கிச் சாப்பிடுவார்கள். படம் எடுத்தவரை நேரில் வைத்துக்கொண்டே கேள்வி கேட்பார்கள். 1982இல் அங்கே போன பிரெஞ்சு இயக்குநர் திருஃபோ, எல்லாத் திரைப்பட விழாக்களிலும் மிகவும் அவசியமானது இதுதான் என்று எழுதினார்.

பெர்லின் திரைப்பட விழாவில் 1978 முதல் பிள்ளைகளுக்குத் தனிப் பிரிவு உண்டு. பொடிசுகளால் சப்டைட்டில் ஓடும் வேகத்துக்குப் படிக்க முடியாதல்லவா? அதனால் ஒருவர் அரங்கிலேயே மைக்கைப் பிடித்து, வசனங்களை ஜெர்மனில் சொல்லிக்கொண்டே வருவார். படத்தின் சொந்தக் குரல்களும் கூடவே கேட்கும். இதற்குப் பெரிய செலவு இல்லை. நம் பள்ளியில் நன்றாக வாசிக்கிற ஓர் ஒன்பதாம் வகுப்புப் பெண், முந்தின நாள் தமிழாசிரியரோடு படத்தைப் பார்த்துவிட்டு இதைச் செய்யலாம்.

ஈரானிய இயக்குநர் மஜித் மஜிதியின் ‘சில்ட்ரன் ஆஃப் ஹெவன்’ படம் உங்களில் பலருக்குத் தெரியும். தங்கையின் ஷூவைத் தொலைத்துவிட்ட அலி, ஓட்டப்பந்தயத்தில் மூன்றாம் பரிசாக ஷூ தருகிறார்கள் என்று தெரிந்து ஓடுகிறான். முதலாவதாக வந்துவிடுகிறான். எல்லோரும் தூக்கிக் கொண்டாடுகிறார்கள், அவன் தலையைக் குனிந்து அழுகிறான். இந்த இடத்தில் படத்தை நிறுத்தி, ‘உழைத்தால் முதலிடம்’ என்று போர்டில் எழுத முடியுமா? அவன் ஏன் அழுகிறான் என்று பிள்ளைகளுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். வீட்டில் ஒரே ஜோடிச் செருப்பை மாற்றி மாற்றிப் போடுகிற பிள்ளைகள் அந்த வரிசையிலேயே உட்கார்ந்திருக்கலாம். அப்போது போய் ‘இந்தப் படத்தின் நீதி என்ன?’ என்று கேட்டால் என்ன ஆகும்? பிள்ளை நமக்குப் பிடித்த பதிலைத் தேடிச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடும். அது சொல்ல நினைத்தது சொல்லாமலே போய்விடும்.

உங்களிடம் நான் கேட்பது இதுதான். படம் முடிந்ததும் முதல் பத்து நிமிஷம் நாம் வாயே திறக்க வேண்டாம். ‘எந்த இடம் பிடித்தது, எது பிடிக்கவில்லை’ என்று மட்டும் கேட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவோம். ஒரு பிள்ளை ‘எனக்குப் படமே பிடிக்கலை சார்’ என்றால், ஏன் என்று பொறுமையாகக் கேளுங்கள். அப்புறம் ஆண்டுக் கடைசியில், பார்த்த படங்களில் எது சிறந்தது என்று சீட்டு எழுதிப் போடச் சொல்லுங்கள். ஆசிரியர்களுக்கு ஓட்டு வேண்டாம். எண்ணுவதையும் பிள்ளைகளே எண்ணட்டும்.