எக்கோ ரிப்போர்ட்டின் கடைசி வரி

நேயர்களுக்கு வணக்கம். பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு வரும் ஓர் இதய நோயைப் பற்றி இன்று பேசுகிறேன்.

திடீர்ச் சாவுச் செய்தி, பெரிய சண்டை, விபத்து. கொஞ்ச நேரத்தில் நெஞ்சு வலி, மூச்சுத் திணறல். இ.சி.ஜி.யில் மாரடைப்பு மாதிரியே இருக்கும். ஆஞ்சியோகிராமில் அதற்குக் காரணமான அடைப்பு தெரியாது. எக்கோ என்ற இதய ஸ்கேனில்தான் விஷயம் பிடிபடும். இதயத்தின் இடது கீழறை, நுனிப்பக்கம் அசையாமல் உப்பி நிற்கும். ஜப்பானிய மருத்துவர்கள் 1990-ல் இதற்கு டகோட்சுபோ என்று பெயர் வைத்தார்கள். 2004-ல் நிகாட்டா பூகம்பத்துக்குப் பிறகு அந்தப் பகுதியில் இது கூடியது. மாதவிடாய் நின்ற பெண்களுக்குத்தான் அதிகம் வருகிறது.

என்னிடம் வந்த ஓர் அம்மா, கணவரின் காரியம் முடிவதற்குள் ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர். முதல் எக்கோவில் இ.எஃப். 35. அதாவது அறையில் 100 மில்லி ரத்தம் இருந்தால், ஒரு துடிப்பில் 35 மில்லிதான் வெளியே போகிறது. சில நாளில் மறுபடி பார்த்தோம். அசையாத நுனியில் ரத்தம் தேங்கி, சின்னதாக ஒரு கட்டி. அது பிய்ந்து மூளைக்குப் போனால் பக்கவாதம். ரத்தம் உறையாமலிருக்க மருந்து கொடுத்தோம்.

ஆறு வாரம் கழித்து இ.எஃப். 60, கட்டியும் இல்லை. மகன் ரிப்போர்ட்டின் கடைசி வரியைக் காட்டி, "நார்மல்னு போட்டிருக்கே சார், இனி வர வேண்டாம்தானே?" என்றார். அந்த அம்மா மெதுவாக, "மாடி ஏறினா இன்னும் மூச்சு வாங்குது டாக்டர்" என்றார். இருவர் சொன்னதும் சரிதான். இ.எஃப். வெளியேறும் ரத்தத்தின் கணக்கு மட்டுமே. தசை நீளவாட்டில் எவ்வளவு சுருங்குகிறது என்பதை ஸ்ட்ரெய்ன் என்ற அளவு சொல்லும். இ.எஃப். தேறினாலும் அது பின்தங்கியே இருக்கலாம். ஓராண்டு தாண்டியவர்களிடமும் ஸ்காட்லாந்தின் அபர்டீன் ஆய்வாளர்கள் இதைக் கண்டிருக்கிறார்கள்.

அதனால் நான் சலிக்காமல் சொல்வது: பழைய எக்கோ ரிப்போர்ட்டைக் கொண்டு வாருங்கள். முடிந்தால் படம் பதிந்த சி.டி.யையும். பலர் புதிய தாளை மட்டும் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வருகிறார்கள். பழையது இல்லாமல் தேறியதா, எவ்வளவு தேறியது என்று எதை வைத்துச் சொல்வது? பழையது, மறக்காதீர்கள்.

மாத்திரைகளைப் பற்றிப் பேசலாம் என்றிருந்தேன். நேரம் முடிந்தது என்று ஸ்டூடியோக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். சரி, ஒன்று மட்டும். சிலருக்கு இது மறுபடி வரும். நெஞ்சு வலித்தால், "மனக்கவலைதான்" என்று வீட்டில் உட்காராதீர்கள். இதுவா மாரடைப்பா என்று வீட்டில் பிரித்துச் சொல்ல முடியாது. வணக்கம்.