பேதியை நிறுத்த அவசரப்படாதீர்கள்

தாய்மார்களே, பிள்ளைக்கு வயிற்றால் போகிறது என்றதும் வீட்டில் முதலில் வரும் பேச்சு, “தண்ணி குடுக்காதே, குடுக்கக் குடுக்கப் போகும்” என்பதுதான். பேதியில் உயிரைப் பறிப்பது, மலத்தோடு வெளியேறும் நீரும் உப்பும் திரும்பக் கிடைக்காமல் போவது. கொடுப்பதை நிறுத்தினால் அந்த ஆபத்தை நாமே கூட்டுகிறோம்.

வெறும் தண்ணீர் போதாதா என்பீர்கள். பேதியில் குடல் கெட்டிருந்தாலும், உப்பும் குளுக்கோஸும் சேர்ந்து வந்தால் உறிஞ்சிக்கொள்ளும். கூடவே நீரும் உள்ளே போகும். 1971இல் மேற்கு வங்கத்தின் போன்காவில் இருந்த வங்கதேச அகதிகள் முகாமில் காலரா பரவி, நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்தபோது, டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த கரைசலை வாய்வழியே கொடுக்கச் செய்தார். நூற்றுக்கு 30 வரை போன சாவு 4க்கும் கீழே இறங்கியது.

இந்தக் கரைசல்தான் ஓ.ஆர்.எஸ். அதைக் கலக்குவதில்தான் தவறு நடக்கிறது. பெரிய பாக்கெட் முழுவதும் ஒரு லிட்டருக்கு. கொதித்து ஆறிய தண்ணீரை ஒரு லிட்டர் பாட்டிலில் அளந்து, பாக்கெட்டை மொத்தமாகக் கொட்டுங்கள். டம்ளருக்கு ஒரு ஸ்பூன் என்று கைக்கணக்கில் போட்டால் உப்பு கூடிவிடும். ரத்தத்தில் உப்பேறினால் வலிப்புகூட வரலாம். 200 மில்லி பாக்கெட்டும் உண்டு, உறையைப் படியுங்கள். சர்க்கரை சேர்க்காதீர்கள், கலந்தபின் கொதிக்க வைக்காதீர்கள். 24 மணி நேரம் கழித்து மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். பழச்சுவையோடு விற்கும் இனிப்புப் பானங்கள் இதற்கு ஈடாகாது. அதிகச் சர்க்கரை குடலுக்குள் நீரை இழுத்துப் பேதியைக் கூட்டும்.

ஒவ்வொரு முறை போனதும், இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு 50 முதல் 100 மில்லி, அதற்கு மேல் 100 முதல் 200 மில்லி. ஸ்பூனில் கொஞ்சம் கொஞ்சமாக. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, இன்னும் மெதுவாகத் தொடருங்கள். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். சாப்பிடும் பிள்ளைக்குக் குழைந்த சோறும் பருப்பும் கொடுக்கலாம்.

கூடவே ஜிங்க் மாத்திரை: 2 முதல் 6 மாதம் வரை தினம் 10 மில்லிகிராம், அதற்கு மேல் 20. மூன்றாம் நாள் பேதி நின்றதும் பலர் விட்டுவிடுகிறார்கள். 14 நாளும் கொடுத்தால்தான் அடுத்த சில மாதங்களுக்கும் பாதுகாப்பு. பேதியை நிறுத்தும் பெரியவர் மாத்திரையை உடைத்துக் கொடுப்பது கூடவே கூடாது.

பச்சைக்குழந்தையின் உச்சிக்குழி உள்ளே அமுங்கினால், உரம் விழுந்தது என்று தலைகீழாகப் பிடித்துக் குலுக்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது நீர் வற்றியதன் அறிகுறி. குலுக்கினால் மூளைக்குள் ரத்தம் கசியலாம்.

பிள்ளைகளுக்குப் பேதியை உண்டாக்கும் ரோட்டா வைரஸுக்கு எதிரான சொட்டு மருந்து, பிறந்த 6, 10, 14ஆம் வாரங்களில், அரசு மருத்துவமனையில் இலவசம். தவறவிடாதீர்கள்.

கண் குழிவிழுந்து, அழுதால் கண்ணீர் வராமல், வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் மெதுவாகத் திரும்பினால், மலத்தில் ரத்தம் வந்தால், குடிக்க முடியாமல் துவண்டு கிடந்தால் உடனே மருத்துவமனைக்குப் புறப்படுங்கள். பிள்ளை விழுங்குகிற நிலையில் இருந்தால், வழியெல்லாம் ஸ்பூனில் கரைசலைக் கொடுத்துக்கொண்டே போங்கள்.