சுமை அப்பாவுக்குத்தான்

நடுவர் அவர்களே, வணக்கம். 'இருமொழி வீடு குழந்தைக்கு வலுவா, சுமையா?' என்பது தலைப்பு. வலுவே என்று பேச வந்திருக்கிறேன். என் மனைவியின் தாய்மொழி சௌராஷ்டிரம், என்னுடையது தமிழ். மகளுக்கு ஐந்து வயது.

எதிரணிச் சகோதரி என்ன சொன்னார்? இரண்டு மொழி பேசினால் குழந்தை குழம்பும், தமிழும் அரைகுறையாகும் என்றார். சகோதரி, இதை மதுரையில் நின்றுகொண்டா சொல்கிறீர்கள்? திருத்தமான தமிழ் உச்சரிப்புக்கு நாம் உதாரணம் காட்டும் டி.எம். சௌந்தரராஜன், 1922இல் இதே ஊரில் சௌராஷ்டிரம் பேசும் குடும்பத்தில் பிறந்தவர். அவர் வாயில் ழகரம் எங்கே குழம்பியது?

ஒரே வாக்கியத்தில் இரண்டையும் கலக்கிறார்களே என்றும் குறைப்பட்டார். கலக்கத்தான் செய்வார்கள். ஒன்றில் சொல் அகப்படாதபோது மற்றதில் எடுத்துக்கொள்வது, அடுத்த வீட்டில் சர்க்கரை வாங்குவதுபோல. ஆனால் என் மகள் தெருமுனைக் கடைக்காரரிடம் சௌராஷ்டிரத்தில் மிட்டாய் கேட்டதே இல்லை. யாரிடம் எது என்று அவளுக்கு யாரும் பட்டியல் எழுதித் தரவில்லை. தனித்தனியே எண்ணினால் ஒவ்வொரு மொழியிலும் சில சொற்கள் குறையலாம், ஒப்புக்கொள்கிறேன். இரண்டையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

சுமையே இல்லையா? இருக்கிறது ஐயா, என் தலையில்! தெருவும் பள்ளியும் தொலைக்காட்சியும் தமிழைக் கொண்டுவந்து கொட்டுகின்றன. சௌராஷ்டிரத்துக்கு அரசியல் சட்டம் மொழிகளைப் பட்டியலிடும் எட்டாவது அட்டவணையில் இடமில்லை. 2011 கணக்கெடுப்பில் அதைப் பேசுவோர் சுமார் 2.5 லட்சம் பேர். எங்கள் வீட்டில் ஒருத்தி. அவள் சாப்பாட்டு வேளையில் மகளிடம் ஏதோ சொல்வாள். நான் "என்ன, என்ன?" என்பேன். அடுத்த வாக்கியம் தமிழில் வந்துவிடும். இரண்டு ஆண்டுகள் இப்படித்தான் போயின. பள்ளி செய்யாத கேட்டை என் 'என்ன' செய்துகொண்டிருந்தது.

ஆகவே நானே படிக்க உட்கார்ந்தேன். மாமியார் என்னைப் பற்றி என்ன பேசுகிறார் என்று அறியும் ஆசையும் உண்டு. புரிந்த பிறகு, புரியாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது வேறு விஷயம்.

இப்போது வீட்டில் நான்தான் கடைசி பெஞ்ச். மூச்சுக் கலந்து ஒலிக்கும் மெய்கள் என் நாக்குக்கு இன்னும் வசப்படவில்லை. மகள் என் வாய்க்கு முன்னால் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, "காற்று வரவில்லை அப்பா, மறுபடியும் சொல்லுங்கள்" என்கிறாள்.

மணி அடித்துவிட்டீர்கள். அவளிடமும் இப்படித்தான் பாதியில் எழுந்து வந்தேன், நடுவர் அவர்களே.